திருவாளர் டொக் டொக்

முதலில் தட்டுவார். பார்ப்பது, உட்காருவது, விலை கேட்பது எல்லாம் அப்புறம்தான். ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், வரவேற்பில் நிற்கும் பெண் நீட்டுகிற தண்ணீர் பாட்டிலை வாங்கி என் கையில் திணித்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து நிற்கும் புதுக் காரை நோக்கி நேராக நடப்பார். வலக்கை நடுவிரலை மடக்குவார். பானெட்டின் மேல் டொக், டொக். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். உதட்டைப் பிதுக்குவார்.

“தகரம்.”

தீர்ப்பு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். நான் யாரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. பொதுவாக ஒரு வகை மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வகையினர் பெரும்பாலும் நம் மனைவிக்கு அண்ணனாகப் பிறந்திருப்பார்கள். தாம்பரம் பக்கம் பச்சை கேட் போட்ட வீட்டில் இருப்பார்கள். மோதிர விரலில் பவழம் பதித்த மோதிரம் போட்டிருப்பார்கள். மற்றபடி இது யாரையும் குறிப்பிடுவது அல்ல.

அன்று நாங்கள் பார்க்கப் போனது ஹூண்டாய் வெர்னா. 2023 மார்ச்சில் வந்த புது உருவம். எல்லோரும் எஸ்யூவி வாங்குகிற காலத்தில் செடானா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். டிக்கி தனியாகத் தெரிந்தால்தான் எனக்குக் கார்.

அந்தக் கார் ஒருவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. முன்பக்கம், பானெட் முடிகிற விளிம்பில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஒளிக்கோடு. நிஜமான ஹெட்லைட் அதற்குக் கீழே, பம்பரின் இரு ஓரங்களில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. கதவுகளில் கூரான மடிப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. கூரை பின்னால் போகப் போகச் சரிந்து, எது கண்ணாடி எது டிக்கி என்று தெரியாமல் இறங்கிவிடுகிறது. பின்னாலும் ஒரு முழு அகல விளக்கு. நீளம் 4,535 மில்லிமீட்டர், அகலம் 1,765. முந்தைய வெர்னாவைவிட இரண்டிலும் வளர்த்தி. எனக்கு முன்பக்கம் உறுத்தியது. பக்கவாட்டு பிடித்துப்போனது. பின்பக்கத்தைப் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை. இதையெல்லாம் யாரிடமாவது ஐந்து நிமிடம் நின்று பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றுமல்லவா? தோன்றியது. பக்கத்தில் இருந்தவர் அவர்.

“மச்சான், முன்னாடி அந்த லைட்டு எப்படி?”

டொக், டொக். “லைட்டு இருக்கட்டும். அதுக்கு மேல தகரம்.”

“சைடுல அந்த மடிப்பு?”

டொக். “மடிச்சாத்தான் தகரம் ஆடாம நிக்கும் மாப்ளே. அதுக்குத்தான் மடிக்கிறான்.”

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. சப்பையான தகட்டைவிட மடிப்பு விழுந்த தகடு விறைப்பாக நிற்கும்; உலகத்தில் எல்லாக் கார்க்காரர்களும் அறிந்த விஷயம். ஆனால் அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே மறைய வேண்டும், வெயில் பட்டால் நிழல் எப்படி விழ வேண்டும் என்று களிமண் மாதிரியின் முன்னால் மாதக்கணக்கில் நின்று இழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் இவர் விரலை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

விரல் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அது ஒரு விரலோடு நிற்கிற கலை இல்லை. பானெட்டுக்கு நடுவிரல். கதவுக்கு நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்து. டிக்கி மூடிக்கு உள்ளங்கை. கூரைக்கு எட்டி, நகத்தால் ஒரு சுண்டு. பம்பர் பிளாஸ்டிக் என்று ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் குனிந்து தட்டுவார், ஒலியைக் கேட்பார், “பாரு, பிளாஸ்டிக்கு” என்று நிமிர்வார். அந்த முகத்தில் ஒரு புலனாய்வாளரின் களை. தட்டி முடித்ததும் சொல்லும் பட்டங்களுக்கு ஒரு தரவரிசை உண்டு: பேப்பர், டப்பா, வெறும் தகரம், தகரம். இவற்றில் “தகரம்” என்பதுதான் இருப்பதிலேயே பெரிய பாராட்டு என்று எனக்குப் புரியவே வெகு காலம் ஆயிற்று. இதே காரின் போட்டியாளர்களையும் போய்த் தட்டினோம். ஒரு ஜெர்மன் கார் முன்னால் மட்டும் தட்டிவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றார். சேல்ஸ் பையன் நம்பிக்கையோடு பார்த்தான். “பரவால்ல, தகரம்” என்றார்.

கார் மட்டும்தான் என்றில்லை. ஃபிரிட்ஜைத் தட்டுவார். வாஷிங் மெஷினைத் தட்டுவார். அடுக்குமாடி வீட்டின் சுவரைத் தட்டி உள்ளே செங்கல்லா வேறு ஏதாவதா என்று சொல்வார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு நிலைக்கதவைத் தட்டிப் பார்த்து, “தேக்கு” என்று தன் அப்பாவின் காதில் சொன்னதாக என் மனைவி பிற்பாடு சொன்னாள். அதன் பேரில்தான் சம்பந்தம் முடிந்திருக்கிறது. என்னைத் தட்டிப் பார்க்காமல் விட்டது என் பாக்கியம். மன்னிக்கவும், இந்த வகையினரின் தங்கைகளைப் பற்றிப் பொதுவாகச் சொன்னேன்.

தட்டிப் பார்ப்பதைக் கேலி செய்யக் கூடாது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. லியோபோல்ட் ஔவன்ப்ருக்கர் என்று ஆஸ்திரியாவில் ஒரு மருத்துவர். அப்பா விடுதி நடத்தியவர். மது பீப்பாயில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்கிற வழக்கம் அங்கே உண்டு. மகன் அந்த வித்தையை நோயாளிகளின் மார்பில் பிரயோகித்து, எங்கே நீர் கோத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, 1761ல் புத்தகமே எழுதினார். இன்றைக்கும் டாக்டர்கள் மார்பிலும் முதுகிலும் விரல் வைத்துத் தட்டுகிறார்கள் என்றால் அவர் புண்ணியம். ஆனால் ஔவன்ப்ருக்கர் தட்டிவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். இவர் எந்த நோயாளியைத் தட்டினாலும் தகரம் என்கிறார்.

சரி, உள்ளே போவோம். உள்ளே போனால் விரல் ஓயும் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்ததும் கறுப்பும் பழுப்பு வெள்ளையுமாக இரட்டை நிறம். பார்க்க விசாலம், நம் ஊர் மழைக்காலத்தில் சேற்றுக் காலோடு பிள்ளைகள் ஏறினால் என்ன ஆகும் என்பது வேறு கதை. ஸ்டியரிங்கில் வழக்கமான மூன்று கம்பிகளுக்குப் பதில் இரண்டு. 10.25 அங்குலத் திரையும் வண்டி ஓட்டுபவரின் மீட்டரும் ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில். அதற்குக் கீழே ஒரு தொடு பலகை. அதே பட்டன்கள் ஒரு சமயம் ஏசிக்கு வேலை செய்யும், மாற்றிவிட்டால் பாட்டுக்கு வேலை செய்யும். அழகாக இருக்கிறது. ஓட்டிக்கொண்டே பார்க்காமல் தொட முடியுமா என்றால், பழைய திருகுக் குமிழே மேல் என்பது என் கட்சி. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

டொக், டொக். டேஷ்போர்டு. “ஹார்டு பிளாஸ்டிக்.”

டொக். கதவின் உட்புறம். “இதுவும்.”

டொக். கை வைக்கிற இடம். கொஞ்சம் மெத்தென்று இருந்ததால் சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினார். வரவில்லை. மனிதர் கலங்கிப்போய்விட்டார். பக்கத்தில் தள்ளித் தள்ளித் தட்டிக்கொண்டே போய், மெத்தை முடிந்து பிளாஸ்டிக் தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு திரையைத் தட்டினார். ஏதோ வானொலி அலறியது. கியர் பக்கத்தில் இருந்ததையெல்லாம் தட்டினார். சேல்ஸ் பையன் ஏசி காட்டுவதற்காக வண்டியை உயிர்ப்பித்து வைத்திருந்தான். சற்று நேரம் கழித்து இவர் நெளிய ஆரம்பித்தார்.

“தம்பி, சீட்டு என்ன, சூடாவுது?”

“சார், ஹீட்டட் சீட் ஆன் பண்ணிட்டீங்க சார். குளிர்காலத்துக்கு. அதே சுவிட்ச்ல வென்டிலேட்டட் சீட்டும் இருக்கு சார், கூலா காத்து வரும்.”

“எந்த ஊர்ல தம்பி குளிர்காலம்?”

இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. முன் இருக்கைகளுக்குக் காற்றோட்டம் சென்னைக்கு வரம். சூடேற்றி எதற்கு என்பது கொடைக்கானலுக்கே வெளிச்சம். அவரோ அதைக் கட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. “இந்த காசை தகரத்துல போட்டிருக்கலாம்” என்றார்.

மற்றவை வேகமாக முடிந்தன. டிக்கி 528 லிட்டர் என்றான் பையன். இவர் அதை அரிசி மூட்டைக் கணக்கில் மாற்றித் தரச் சொன்னார். டயரை உதைத்தார். டீசல் உண்டா என்று கேட்டார். இந்த வெர்னாவில் கிடையாது என்றதும் பெட்ரோல் பங்க்காரனே வந்து ஏமாற்றிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். மேட், மட்ஃப்ளாப் சும்மா கேட்டார். ரீசேல் கேட்டார். இதெல்லாம் எல்லா வீட்டு மாமாக்களும் செய்வது. அதில் குறை சொல்ல எனக்கு நேரமில்லை.

“கொரியாக்காரன் வேலை” என்றார் வெளியே வந்து.

“இருங்காட்டுக்கோட்டைல செய்யறாங்க மச்சான். 1998லேர்ந்து. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல.”

“அதான் சொல்றேன்.”

எதை என்று நான் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சங்கதி இது: வெளியே தெரிகிற தகடு இந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டியின் பலம் அதில் இல்லை. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண்களிலும், காலடியில் ஓடும் சட்டத்திலும், கதவுக்குள் ஒளிந்திருக்கும் குறுக்குக் கம்பியிலும் இருக்கிறது. அங்கெல்லாம் உயர்வலு எஃகு. விரல் முட்டி அங்கே போகாது. முன்பக்கம் மோதினால் நசுங்குவதற்கென்றே கட்டப்பட்டது. அது நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார். பானெட் கொஞ்சம் இளகியே இருக்க வேண்டும். நடந்து போகிறவர் மேலே விழுந்தால் தலை நேரே எஞ்சினில் மோதக் கூடாது. அவர் எந்த இடத்தைத் தட்டி மெலிசு என்கிறாரோ, அந்த இடம் மெலிசாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதவைச் சாத்தினால் “தொப்” என்று கனமாகக் கேட்கிறதே, அதுகூட ரப்பரும் பூட்டும் ஒலித்தடுப்பும் வைத்துப் பொறியாளர்கள் இசையமைத்த சத்தம்.

இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். கடைசி ஆயுதமாக, 2023 அக்டோபரில் குளோபல் என்கேப் இந்தக் காரை மோதிப் பார்த்துப் பெரியவர்கள், குழந்தைகள் இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததைச் சொன்னேன். “நீங்க தூக்கி வச்சுப் பேசற அம்பாசிடர்ல ஒரு ஏர்பேக் உண்டா? இதுல ஆறு இருக்கு.”

அவர் என் போனை வாங்கி அந்த அறிக்கையைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் படித்தார். படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். நட்சத்திரம் ஐந்துதான், ஆனால் அதே அறிக்கை வண்டியின் உடற்கூடு நிலையாக இல்லை, இதற்கு மேல் அடி தாங்காது என்றும் எழுதியிருந்தது. வோக்ஸ்வேகன் வெர்ச்சுவஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டும் அதே ஆண்டு அதே சோதனையில் அதே ஐந்து நட்சத்திரம் வாங்கின; அவற்றின் உடற்கூடு நிலையானது என்று சான்று. ஜெர்மன் காரைத் தட்டிவிட்டு ஏன் சற்று நேரம் சும்மா நின்றார் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தகட்டுக்கும் கூட்டுக்கும் சம்பந்தமே இல்லை, தட்டி அதைக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் எனக்குத் தெரியும். அவர் போனைத் திருப்பிக் கொடுத்த விதம் இருக்கிறதே, அதற்கு எந்த அறிவியலிலும் பதில் இல்லை.

“மெஷின் வச்சு இடிச்சுப் பார்த்து சொல்றான். நான் சும்மா சொன்னேன்.”

இவரை முழுதாக வெறுக்க முடியாமல் போவதற்குக் காரணம் பெருங்களத்தூரில் இருக்கிறது. அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது; ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கஸல் எல்லாம் அங்கே செய்த கார்கள்தான். இவருடைய அப்பா அங்கே பாடிப் பிரிவில் இருந்தவர். 1985ல் அந்தத் தொழிற்சாலை ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1; 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகு. தெருவில் போனால் ஊர் நின்று பார்த்ததாம். உள்ளே எஞ்சின்? அதே கம்பெனியின் பழைய வான்கார்டு காலத்து எஞ்சினின் வாரிசு. விலை அதிகம், பெட்ரோல் அதிகமாகக் குடித்தது, ஓட்டம் குறைவு. சில வருடங்களில் கார் நின்றது. தொழிற்சாலையும் கார் செய்வதை நிறுத்தியது. இன்று அந்த இடத்தில் ஐடி கட்டடங்கள். ரயிலில் போகும்போது இவர் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

வேலை போன அப்பா வீட்டிலேயே டிங்கரிங் பார்த்தார். பழைய கார் வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பையனும் கூடப் போவான். அங்கே தட்டலுக்கு அர்த்தம் இருந்தது: அடிபட்டு, பட்டி பூசி, பெயின்ட் அடித்த இடத்தைத் தட்டினால் சத்தம் அமுங்கிக் கேட்கும், அடிபடாத தகடு கணீரென்று பேசும். கண்ணுக்கு அழகாக இருப்பதை நம்பாதே, விரலை நம்பு என்று அவருக்குச் சின்ன வயதிலேயே படிந்துவிட்டது. அப்பாவின் முறை அது. அதைப் புதுக் காரில் செய்வதுதான் கோளாறு. பழைய காரில் கணீர் நல்லது, அமுங்கல் கெட்டது. புதுக் காரில் இவர் தேடுவதோ அமுங்கல், கணீரென்றால் தகரம். அப்பாவின் பாடத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டதை நான் ஒருமுறை மெதுவாக எடுத்துச் சொன்னேன். “எங்கப்பா இருந்தா உனக்குச் சொல்லியிருப்பார்” என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கார் என் காசு. மாதத் தவணை என் கணக்கிலிருந்து போகிறது. எந்தக் கார் என்று படித்து, கேட்டு, ஓட்டிப் பார்த்து முடிவு செய்தவன் நான். அவர் “தகரம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மின்சார ரயிலேறிப் போய்விட்டார். வீட்டில் அந்த வார்த்தை தங்கிவிட்டது. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தத்தில் தகரம். மாமியார் போனில் “ஏதோ தகரமாமே?” பையன் பள்ளியிலிருந்து வந்து, “மாமா சொன்னது நெஜமாப்பா?” ஒரு குடும்பம் பல மாதம் யோசித்து எடுக்கிற முடிவை ஒருவர் விரல் மடக்கி இரண்டு தட்டில் கெடுக்கலாம் என்றால், அது உதவி இல்லை, அட்டகாசம். அபிப்பிராயம் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை.

வாங்கினோம், அதே காரைத்தான். கறுப்பு. டெலிவரி அன்று மாலை, குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. எல்லோரையும்விட அதிக சந்தோஷம் அவருக்குத்தான். “நம்ம வண்டி” என்றார். சந்தோஷம் தாங்காமல் இடது முன் கதவை இரண்டு விரல் சேர்த்துத் தட்டினார், அதே டொக் டொக். பவழ மோதிரம் முதலில் பட்டது. கறுப்புப் பெயின்டில் வெள்ளையாக ஒரு கோடு. அவர் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். நிமிர்ந்து என்னிடம் சொன்னார்:

“பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேன்.”

கார் விற்பவர்கள் எல்லோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். 2014ல் நின்றுபோன அம்பாசிடரின் கதவு ஒன்று எந்தக் காயலான் கடையிலும் கிடைக்கும். வாங்கி, உங்கள் ஷோரூம் வாசலில், கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டிவையுங்கள். அவர் வருவார், தட்டுவார், கேட்டுவிட்டு, “இது வண்டி” என்பார். மனம் நிறைந்து அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் உள்ளே போய் நிம்மதியாகக் காரைப் பார்த்துக்கொள்கிறோம்.